ஜனவரி முதல் பத்து நாள்: தேதிகள் வழுக்கும் இடம்

ஜனவரி 4-க்கான 'வரலாற்றில் இன்று' பட்டியல் எதை எடுத்தாலும் இந்த இரண்டு வரிகள் அநேகமாக இருக்கும். 1642: இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதம் தாங்கிய வீரர்களோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1643: ஐசக் நியூட்டன் பிறந்தார். ஒரே நாட்டில், சரியாக ஓராண்டு இடைவெளியில் நடந்த இரண்டு சங்கதிகள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். உண்மையான இடைவெளி 355 நாள். முதல் வரியில் இருப்பது பழைய நாட்காட்டியான ஜூலியனின் தேதி, இரண்டாவதில் இருப்பது நாம் இன்று புழங்கும் கிரிகோரியன் தேதி.

நியூட்டன் பிறந்த அன்று அவர் ஊரான உல்ஸ்தோர்ப்பில் கிறிஸ்துமஸ். அங்கே புழங்கிய ஜூலியன் கணக்கில் அது 1642 டிசம்பர் 25. பத்து நாள் கூட்டினால்தான் 1643 ஜனவரி 4 ஆகும். சார்லஸ் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த நாளுக்கும் அதேபோல் பத்தைக் கூட்டினால் ஜனவரி 14 வரும். ஆனால் அதற்கு யாரும் கூட்டுவதில்லை. இன்னும் வேடிக்கை, அதே வாரத்தின் பட்டியலில் 1642 ஜனவரி 8 அன்று கலிலியோ இறந்ததும் இருக்கும். அது இத்தாலியத் தேதி, ஆகவே கிரிகோரியன். பட்டியலை அப்படியே நம்பினால் சார்லஸின் காரியம் முதலில் நடந்தது, நான்கு நாள் கழித்துக் கலிலியோ இறந்தார். உண்மையில் கலிலியோ இறந்து ஆறு நாள் ஆன பிறகுதான் சார்லஸ் அந்தக் கதவைத் திறந்தார்.

வேறு மாதத்தில் பத்து நாள் பிசகினால் அதிகம் போனால் மாதம் மாறும். ஜனவரித் தொடக்கத்தில் பிசகினால் ஆண்டே மாறிவிடும். ஆண்டு எந்த நாளில் பிறக்கிறது என்பதே ஊருக்கு ஊர் வேறாக இருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்தப் பத்து நாளில் தவறு எப்படிக் கூடுகிறது என்று புரியும். ஒரு வரி எழுதுமுன் நான்கு கேள்வி கேட்க வேண்டும்: எந்த நாட்காட்டி? அந்த ஊரில் ஆண்டு எப்போது தொடங்கியது? யாருடைய கடிகாரம்? எந்தச் செயலின் தேதி?

எத்தனை நாள் கூட்டுவது

இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து ஆகியவை 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாளை அக்டோபர் 15 வெள்ளி என்று வைத்துக்கொண்டன. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் மாறியது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 செப்டம்பர் 2-இலிருந்து 14-க்குத் தாவின. ரஷ்யா 1918 ஜனவரி 31-க்கு மறுநாளைப் பிப்ரவரி 14 ஆக்கியது. கிரீஸ் 1923 வரை இழுத்தது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நிகழ்வு நடந்த நாடு, பிறகுதான் நூற்றாண்டு.

ஜூலியன் கணக்கில் நான்கால் வகுபடும் எல்லா ஆண்டும் லீப் ஆண்டு. கிரிகோரியன் கணக்கில் நூற்றாண்டு ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டும் லீப். ஆகவே 1600-இல் இரண்டும் ஒத்துப்போயின. 1700, 1800, 1900-இல் வித்தியாசம் ஒவ்வொரு நாள் கூடியது. 10, 11, 12, 13 என்ற வரிசை இப்படி வந்ததுதான்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. "18-ஆம் நூற்றாண்டு என்றால் 11, 19-ஆம் நூற்றாண்டு என்றால் 12" என்று மனப்பாடம் செய்தவர்கள் ஜனவரியில் சறுக்குவார்கள். அந்தக் கூடுதல் நாள் உண்டாவது பிப்ரவரி முடிவில். எனவே 1700 ஜனவரிக்கு இன்னும் 10 தான், 1800 ஜனவரிக்கு 11, 1900 ஜனவரிக்கு 12. பீட்டர் மன்னர் ரஷ்யாவில் முதன்முதலாக ஜனவரியில் புத்தாண்டு கொண்டாடச் சொன்ன 1700 ஜனவரி 1, மேற்கு ஐரோப்பாவில் ஜனவரி 11; ஜனவரி 12 என்று எழுதினால் தவறு. (அதற்கு முன் ரஷ்யாவில் செப்டம்பர் 1 புத்தாண்டு. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் கணக்கில் அது 7208. அந்த ஆண்டு நான்கே மாதத்தில் முடிந்துபோனது.)

ரஷ்யப் பிறந்தநாள்களில் எதிர்த்திசைத் தவறு அதிகம். இன்று வித்தியாசம் 13 என்பதால் எல்லாவற்றுக்கும் 13 கூட்டிவிடுகிறார்கள். இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் பிறந்தது பழைய கணக்கில் 1871 டிசம்பர் 25. பன்னிரண்டு கூட்டினால் 1872 ஜனவரி 6. பதின்மூன்று கூட்டி ஜனவரி 7 என்று போடுபவர்கள், "ரஷ்யக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7 தானே" என்று காரணமும் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யக் கிறிஸ்துமஸ் விழுந்ததும் மேற்கத்திய ஜனவரி 6-இல்தான். இன்னொரு இசையமைப்பாளர் பாலகிரெவ் 1836 டிசம்பர் 21-இல் பிறந்தவர். புதிய கணக்கில் 1837 ஜனவரி 2. கணிதவியலாளர் கோவலெவ்ஸ்கயாவின் கதை நேர்மாறானது: பழைய தேதி 1850 ஜனவரி 3, புதியது ஜனவரி 15. ஒருவர் இந்தப் பத்து நாளுக்குள் நுழைகிறார், இன்னொருவர் வெளியேறுகிறார். 1905-இன் 'ரத்த ஞாயிறு' ரஷ்யர்களுக்கு இன்றும் ஜனவரி 9 தான். கிரிகோரியன் தேதி ஜனவரி 22.

ஆண்டின் வாசல்

நாளைவிட ஆண்டு பெரிய தொல்லை. இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு 1751 வரை மார்ச் 25-இல்தான் தொடங்கியது. ஆகவே மேலே சொன்ன சார்லஸ் விவகாரம் அன்றைய ஆவணத்தில் 1641 ஜனவரி 4. பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடமிருந்து கலே நகரை மீட்ட 1558 ஜனவரி 7, அப்போதைய தாள்களில் 1557. எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரின் ஆஃப் அரகான் இறந்த 1536 ஜனவரி 7, அன்று 1535. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரைக்கும் இதே கதிதான். ஸ்காட்லாந்து 1600-லிருந்தே ஜனவரி 1-ஐ எடுத்துக்கொண்டது, ஆனால் ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ஆக 1649 ஜனவரி முழுவதும் எடின்பரோவில் 1649, லண்டனில் 1648. தேதியும் கிழமையும் மட்டும் ஒன்று. மாற்றம் வந்த 1751-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மார்ச் 25 முதல் டிசம்பர் 31 வரை, மொத்தம் 282 நாளோடு முடிந்தது. சட்டப்படி 1751-க்கு ஜனவரியே கிடையாது.

இத்தாலியில் இது ஊர்ச் சண்டை அளவுக்குப் போனது. புளோரன்ஸிலும் பீசாவிலும் மார்ச் 25 தான் ஆண்டுப் பிறப்பு, ஆனால் பீசா ஓராண்டு முன்னால் ஓடியது. புளோரன்ஸை ஆண்ட லோரென்சோ டி மெடிச்சி பிறந்தது நம் கணக்கில் 1449 ஜனவரி 1. புளோரன்ஸ் கணக்கில் 1448, பீசா கணக்கில் 1449. ஜனவரியைப் பொறுத்தவரை பீசாக்காரர்கள் நம்மோடு ஒத்துப்போகிறார்கள், ஏப்ரலில்தான் முரண்டு பிடிப்பார்கள். வெனிஸில் ஆண்டு மார்ச் 1-இல் தொடங்கியது. பிரான்ஸில் 1564 ஆணைக்கு முன் ஈஸ்டரில் தொடங்கியது. ஈஸ்டரோ ஆண்டுதோறும் நகரும்.

இரண்டு திருத்தமும் ஒருசேரத் தேவைப்படும் பிறந்தநாள் பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. பாஸ்டனில் அன்றைய கணக்கில் 1705 ஜனவரி 6. நாளுக்கு 11 கூட்ட வேண்டும், ஆண்டுக்கு 1 கூட்ட வேண்டும்: 1706 ஜனவரி 17. இதில் மூன்று விதமாகத் தவறலாம். நாளை மட்டும் திருத்தினால் 1705 ஜனவரி 17. ஆண்டை மட்டும் திருத்தினால் 1706 ஜனவரி 6. இது தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் ஜூலியன் என்ற குறிப்பு வேண்டும். மூன்றாவதுதான் மோசம்: ஏற்கெனவே ஆண்டு திருத்திய நூலிலிருந்து எடுத்து, இன்னொரு முறை திருத்தி 1707 என்று போடுவது. இதைத் தவிர்க்க ஒரே வழி, மூலத்தில் '1705/6' என்று சாய்கோடு போட்டிருக்கிறதா என்று பார்ப்பது. சாய்கோடு இருந்தால் முதல் எண் மார்ச் கணக்கு, இரண்டாவது ஜனவரிக் கணக்கு. நாள் இன்னும் திருத்தப்படவில்லை என்றும் அநேகமாக வைத்துக்கொள்ளலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி பட்டயம் கொடுத்தது 1600-இன் கடைசி நாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த தேதி. அதே நாள் ரோமில் 1601 ஜனவரி 10.

கிழமைதான் சாட்சி

நாட்காட்டி மாறியபோது தேதி தாவியது, கிழமை தாவவில்லை. வியாழனுக்குப் பின் வெள்ளியே வந்தது. ஆகவே மூல ஆவணத்தில் கிழமை இருந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. கணக்கு கையாலேயே போடலாம். கிரிகோரியன் ஜனவரி 1-இன் கிழமை: 1600 சனி, 1700 வெள்ளி, 1800 புதன், 1900 திங்கள், 2000 சனி. நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து கழிந்த ஆண்டுகளை எழுதுங்கள். இடையில் வந்த லீப் ஆண்டுகளைக் கூட்டுங்கள். 1600-உம் 2000-உம் தாங்களே லீப் என்பதால் அவற்றையும் எண்ணுங்கள், 1700, 1800, 1900-ஐ எண்ணாதீர்கள், தேடுகிற ஆண்டையும் எண்ணாதீர்கள். ஏழால் வகுத்து மீதியை முன்னே நகர்த்துங்கள்.

நியூட்டனுக்குப் போட்டுப் பார்ப்போம். 1643: கழிந்தது 43. லீப் ஆண்டுகள் 1600, 1604 என்று தொடங்கி 1640 வரை 11. மொத்தம் 54, மீதி 5. சனியிலிருந்து ஐந்து தள்ளினால் வியாழன். அது 1643 ஜனவரி 1. ஜனவரி 4 ஞாயிறு. ஆக அந்தக் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. இப்போது கைபேசியிலோ கணினியிலோ 1642 டிசம்பர் 25 என்று நேராகத் தட்டினால் வியாழன் என்று சொல்லும். பெரும்பாலான மென்பொருள்கள் கிரிகோரியன் கணக்கையே பின்னோக்கி நீட்டிக்கொண்டு போகும். சில 1582 அக்டோபரில் ஜூலியனுக்கு மாறும். இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை என்பது இரண்டுக்குமே தெரியாது. யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் பழைய நாட்காட்டிக் கட்டளை மட்டும் 1752 செப்டம்பரைக் கேட்டால் 2-க்குப் பக்கத்தில் 14-ஐக் காட்டும். எனவே முதலில் நாளைக் கூட்டுங்கள், பிறகு கிழமை பாருங்கள். வரிசை மாறினால் சரியான தேதியையே தவறு என்று அடித்துவிடுவீர்கள்.

எக்செல்லில் 1900-க்கு முந்தைய தேதி ஏறவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். 1900-லும் ஒரு கோளாறு: இல்லாத பிப்ரவரி 29-ஐ அது உண்டு என்று எண்ணுகிறது. அதனால் 1900 ஜனவரி, பிப்ரவரித் தேதிகளுக்குக் கிழமை ஒரு நாள் பின்தங்கும். ஜனவரி 1 ஞாயிறு என்று காட்டும், அன்று திங்கள். மேலே கொடுத்த வரிசையோடு ஒப்பிட்டாலே தெரியும்.

கலிலியோ, நியூட்டன், ஹாக்கிங்

"கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்" என்பது வினாடி வினாக்காரர்களின் செல்லப்பிள்ளை. அது நிற்க வேண்டுமானால் கலிலியோவுக்கு ஒரு நாட்காட்டி, நியூட்டனுக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும். இருவரையும் கிரிகோரியனில் வைத்தால் 1642, 1643. ஜூலியனில் வைத்தால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29, நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. இரண்டிலும் ஆண்டு வேறு. இயற்பியலாளர் ஹாக்கிங் பிறந்த கதை மட்டும் கெட்டியானது: 1942 ஜனவரி 8, கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு, இரண்டு தேதியும் கிரிகோரியன். அன்று உலகில் இரண்டு லட்சம் குழந்தைகளாவது பிறந்திருக்கும் என்று ஹாக்கிங்கே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கலிலியோவின் ஜனவரி 7-உம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய தேதி. "1610 ஜனவரி 7: வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டுபிடித்தார்" என்று எழுதுவார்கள். அன்று இரவு அவர் குறித்தது மூன்று புள்ளிகள்தான்: இரண்டு கிழக்கே, ஒன்று மேற்கே. அவற்றை விண்மீன்கள் என்றே எண்ணினார். மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன. 9-ஆம் தேதி மேகம். 10-ஆம் தேதி இரண்டு மட்டும், அதுவும் கிழக்கே. நான்காவது கண்ணில் பட்டது 13-ஆம் தேதி. ஆகவே ஜனவரி 7-க்கு "முதன்முதலில் பார்த்தார்" என்று எழுதலாம். "நான்கு" என்றும் "கண்டுபிடித்தார்" என்றும் எழுதக் கூடாது.

இதே நிலவுகளுக்கு உரிமை கோரிய ஜெர்மன் வானியலாளர் சைமன் மாரியஸ், தன் முதல் குறிப்பின் தேதி 1609 டிசம்பர் 29 என்றார். பார்த்தால் கலிலியோவுக்கு ஒன்பது நாள் முந்தி. ஆனால் மாரியஸ் இருந்த அன்ஸ்பாக் புராட்டஸ்டன்ட் ஊர், ஜூலியன் கணக்கு. பத்தைக் கூட்டினால் 1610 ஜனவரி 8. ஒரு நாள் பிந்திவிட்டார். கலிலியோவே பிற்பாடு இந்தப் பத்து நாளைச் சுட்டிக்காட்டிக் காட்டமாக எழுதினார். அயோ, யூரோப்பா, கனிமீட், காலிஸ்டோ என்ற பெயர்கள் மட்டும் மாரியஸ் பதிப்பித்தவையே நிலைத்தன. தேதியில் தோற்றவர் பெயரில் வென்றார்.

1582-க்கு முன் கை வைக்காதீர்கள்

கிரிகோரியன் நாட்காட்டி பிறக்காத காலத்துத் தேதியை மாற்றுவது வீண் வேலை. கெப்ளர் பிறந்தது 1571 டிசம்பர் 27. பத்தைக் கூட்டினால் 1572 ஜனவரி 6 வரும், ஆனால் அப்படியொரு தேதி அன்று யாருக்கும் இல்லை. அவரை டிசம்பரிலேயே விட்டுவிடுவதுதான் முறை.

ஜனவரி 6 என்றால் ஜோன் ஆஃப் ஆர்க் நினைவுக்கு வரும். அந்தத் தேதிக்கு ஆதாரம் 1429-இல் பெர்செவால் டி புலான்வில்லியே எழுதிய ஒரே ஒரு கடிதம். திருக்காட்சிப் பெருவிழா (ஜனவரி 6) இரவில் பிறந்தாள் என்கிறது. 1412 என்ற ஆண்டு வேறிடத்திலிருந்து வந்தது: 1431 விசாரணையில் தனக்குப் பத்தொன்பது வயது இருக்கும் என்று அவள் சொன்னதிலிருந்து கழித்துக் கண்டது. நாள் ஒரு சாட்சி, ஆண்டு இன்னொரு சாட்சி. இரண்டையும் ஒட்டவைத்த தேதி. 'மரபுப்படி' என்ற சொல்லைச் சேர்க்காமல் எழுதக் கூடாது.

ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஜனவரி 3, கி.மு. 106. இது அவர் வாய்மொழியிலேயே உள்ள பிறந்தநாள், ஆனால் ரோமானியக் கணக்கில்: ஜனவரி நோன்ஸ் என்ற குறிப்பு நாளுக்கு மூன்றாம் நாள் முன்பு. ஜனவரியில் நோன்ஸ் 5-ஆம் தேதி. ஐந்தில் மூன்று போக இரண்டு என்று கழித்தால் ஜனவரி 2 வரும், தவறு. ரோமானியர்கள் இரு முனையையும் சேர்த்தே எண்ணுவார்கள்: 5 ஒன்று, 4 இரண்டு, 3 மூன்று. "இன்றோடு மூன்று நாள் ஆச்சு" என்று நாம் சொல்லும் அதே கணக்கு.

சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்ததை கி.மு. 49 ஜனவரி 10 என்று போடுவது வழக்கம். எழுதலாம், ஆனால் "கடுங்குளிரில்" என்று அலங்காரம் சேர்க்காதீர்கள். அன்றைய ரோமானிய நாட்காட்டி பருவத்தைவிட ஏறக்குறைய ஏழு வாரம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. சூரியனைப் பொறுத்தவரை அது நவம்பர் பிற்பகுதி. இந்தக் குளறுபடியைச் சரிசெய்யத்தான் கி.மு. 46-ஐ 445 நாளாக நீட்டினார்கள்.

ஐரோப்பாவுக்கு வெளியே இன்னொரு வகைக் குழி. ஜப்பானில் ஆட்சி பேரரசரிடம் திரும்பிய மெய்ஜி மீட்சி அறிவிக்கப்பட்டது 1868 ஜனவரி 3. அது ஜப்பானியக் கணக்கில் கெய்யோ என்ற காலத்தின் 3-ஆம் ஆண்டு 12-ஆம் மாதம் 9-ஆம் நாள். டோபா-ஃபுஷிமி போர் தொடங்கியது கெய்யோ 4, முதல் மாதம் 3-ஆம் நாள். "முதல் மாதம் 3" என்பதை ஜனவரி 3 என்று மொழிபெயர்த்துவிட்டால் அறிவிப்பும் போரும் ஒரே நாளில் வந்து நிற்கும். போரின் கிரிகோரியன் தேதி ஜனவரி 27. ஜப்பானில் 1873 ஜனவரி 1-இலிருந்துதான் 'முதல் மாதம்' என்றால் ஜனவரி. அதற்கு வழிவிட்ட பழைய 12-ஆம் மாதம் இரண்டே நாளில் முடிந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத் தாளில் 'நிவோஸ்' மாதத்தைக் கண்டாலும் உஷார்: அது டிசம்பர் 21, 22 அல்லது 23-இல் தொடங்கும், ஆண்டைப் பார்க்காமல் மாற்ற முடியாது. 1806 ஜனவரி 1-இல் பிரான்ஸ் அந்தப் புரட்சி நாட்காட்டியைக் கைவிட்டது.

ஜனவரி 1 எனும் குப்பைத்தொட்டி

எந்தத் தரவுத்தளத்திலும் ஜனவரி 1-இல் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பார்கள். பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தால், தேதிக் கட்டத்தை நிரப்ப மென்பொருள் ஜனவரி 1-ஐப் போட்டுக்கொள்ளும். விக்கிடேட்டா போன்ற இடங்களில் 'துல்லியம்: ஆண்டு' என்று பக்கத்தில் ஒரு குறி இருக்கும், தேதியை மட்டும் உருவி எடுப்பவர்கள் அந்தக் குறியை விட்டுவிடுவார்கள். பிறந்த தேதி தெரியாத அகதிகளுக்கு ஆவணத்தில் ஜனவரி 1 போடும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. 1970 ஜனவரி 1 என்று வந்தால் அது மனிதரின் பிறந்தநாளாக இருப்பதைவிட, யூனிக்ஸ் கடிகாரத்தின் பூஜ்ஜியமாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

ஞானஸ்நானமும் இங்கே புகுந்து விளையாடும். தேவாலயப் பதிவேட்டில் எழுதப்படுவது அந்த நாள், பிறந்த நாள் அல்ல. ஓவியர் முரில்யோவுக்கு 1618 ஜனவரி 1 என்பது செவில் நகரில் ஞானஸ்நானம் பெற்ற தேதி. நியூட்டனுக்கும் ஜனவரி 1-இல்தான் ஞானஸ்நானம், ஜூலியன் கணக்கில். அதை அப்படியே வைத்து, பிறப்பை மட்டும் ஜனவரி 4 ஆக்கினால், பிறப்பதற்கு மூன்று நாள் முன்பே ஞானஸ்நானம் பெற்ற அதிசயக் குழந்தை ஆகிவிடுவார்.

அறிபுனை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் பிறந்தநாளான ஜனவரி 2 அவரே தேர்ந்துகொண்டது. உண்மையான நாள் 1919 அக்டோபர் 4-க்கும் 1920 ஜனவரி 2-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

ஜனவரி 1-இல் குவியும் இன்னொன்று சட்டங்கள். அமலுக்கு வந்த நாளும் கையெழுத்தான நாளும் வேறு. அமெரிக்காவில் அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை 1807 மார்ச் 2-இல் கையெழுத்தாகி, 1808 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. யூரோவுக்கு இரண்டு ஜனவரி 1 உண்டு: 1999-இல் கணக்குப் புத்தகத்தில், 2002-இல் கையில் நோட்டாக.

யாருடைய கடிகாரம், எந்தச் செயல்

ஸ்பிரிட் ஊர்தி செவ்வாயில் இறங்கியது 2004 ஜனவரி 4, உலக நேரம் 04:35. கலிபோர்னியாவில் அப்போது ஜனவரி 3 இரவு 8:35. இரண்டு தேதியும் அச்சில் உண்டு, இரண்டும் சரி. நிலவுக்கான லூனார் ப்ராஸ்பெக்டர் கலம் ஏவப்பட்டதும் இப்படித்தான்: 1998 ஜனவரி 6 இரவு புளோரிடாவில், உலக நேரத்தில் 7. விண்வெளிக்கு உலக நேரத்தை வைத்துக்கொண்டு, உள்ளூர்த் தேதி மாறினால் மட்டும் குறிப்பிடுவது நல்லது.

1925-க்கு முந்தைய வானியல் குறிப்புகளில் நாள் நண்பகலில் தொடங்கும். "ஜனவரி 4, 14 மணி" என்று இருந்தால் அது ஜனவரி 5 அதிகாலை 2 மணி. பிலிப்பைன்ஸ் 1844 டிசம்பர் 31-ஐயே விட்டுவிட்டு 30-இலிருந்து ஜனவரி 1-க்குத் தாவியது. அதுவரை அங்கு அமெரிக்கப் பக்கத் தேதி. 1845-க்கு முந்தைய மணிலா கடிதங்கள் பக்கத்து ஆசியத் துறைமுகங்களைவிட ஒரு நாள் பின்தங்கியே இருக்கும்.

செயலைப் பொறுத்தவரை எக்ஸ் கதிர் நல்ல பாடம். ராண்ட்கன் கண்டது 1895 நவம்பர் 8. கட்டுரை கொடுத்தது டிசம்பர் 28. பிரதிகளைத் தபாலில் போட்டது 1896 ஜனவரி 1. வியன்னா பத்திரிகையில் செய்தி வந்தது ஜனவரி 5. "ஜனவரி 5: எக்ஸ் கதிர் கண்டுபிடிப்பு" என்று போடுபவர் பத்திரிகைத் தேதியைக் கண்டுபிடிப்பாக்கிவிடுகிறார். 1839 ஜனவரி 7-இல் பாரிஸில் அரகோ செய்ததும் டாகேரின் ஒளிப்பட முறை பற்றிய அறிவிப்புதான். செய்முறை வெளியானது ஆகஸ்ட் 19.

கண்ணை மூடிக்கொண்டு எழுதத்தக்கவையும் உண்டு. பியாட்சி 1801 ஜனவரி 1 மாலையில் பலெர்மோவில் சீரிஸ் என்ற குறுங்கோளைப் பார்த்தது, 19-ஆம் நூற்றாண்டின் முதல் நாளிலேயே. பிறந்தநாள்களில் 1785 ஜனவரி 4 யாக்கோப் கிரிம், 1809 ஜனவரி 4 லூயி பிரெயில் (43 வயது முடிந்த இரண்டாம் நாள், 1852 ஜனவரி 6-இல் இறந்தார்), 1823 ஜனவரி 8 ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், 1894 ஜனவரி 1 சத்யேந்திரநாத் போஸ். 1785 ஜனவரி 7-இல் பிளான்ஷாரும் ஜெஃப்ரிஸும் பலூனில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்கள்; கனம் குறைக்க உடையைக்கூடக் கழற்றி எறிந்தார்கள். பிளான்ஷார் பிலடெல்பியாவில் பறந்தது 1793 ஜனவரி 9. இரண்டு நாள் வித்தியாசம், எட்டு ஆண்டு இடைவெளி. இவை இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பும்.

எழுதும் முறைக்கு என் பரிந்துரை: அந்த ஊர் மக்கள் அன்று புழங்கிய நாளை முதலில் போடுங்கள், ஆண்டை ஜனவரி 1 கணக்கில் போடுங்கள், மற்ற நாட்காட்டியின் தேதியை அடைப்புக்குள் வையுங்கள். 'நியூட்டன், 1642 டிசம்பர் 25 (கிரிகோரியன்: 1643 ஜனவரி 4)'. ஜனவரிப் பட்டியலில் அவர் வேண்டும் என்றால் தலைகீழாகப் போட்டுக்கொள்ளலாம், அடைப்பை மட்டும் விடாதீர்கள். பழைய தேதிகளைத் தானாக மாற்ற விரிதாளில் சூத்திரம் வைத்திருப்பவர்கள் 13-ஐ நிரந்தர எண்ணாக எழுதியிருந்தால் இப்போதே எடுத்துவிடலாம்: 2100 பிப்ரவரியோடு அது 14 ஆகும், ஜூலியன் கணக்கைப் பின்பற்றும் திருச்சபைகளின் கிறிஸ்துமஸ் 2101-லிருந்து ஜனவரி 8-க்கு நகரும்.